வீதிக்கும் உரிமை உண்டு

வீதிகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிவுறுத்தினார்கள். கூடிப் பேச வேறு இடமில்லை என்று தோழர்கள் கூறவே, வீதிக்குரிய உரிமையை நிறைவேற்றும்படி பணித்தார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பது அவ்வுரிமைகளுள் ஒன்று. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற செய்தி இது. மனிதர் சற்று நேரம் அமர்வதற்கே இந்த நிபந்தனை என்றால், காலை முதல் இரவு வரை வீதியை அடைத்து நிற்கும் நம் கார்களைப் பற்றி என்ன சொல்வது?

சென்னை மண்ணடியை எடுத்துக்கொள்வோம். அங்கப்ப நாயக்கன் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் கார்கள் தோன்றுவதற்கு முன்பே உருவானவை. தாம்பரத்திலிருந்தும் மேடவாக்கத்திலிருந்தும் அண்ணா நகரிலிருந்தும் வணிகர்கள் காரில் வருகின்றனர். பெரும்பாலும் ஒரு காருக்கு ஒருவரே. அந்தக் கார் நிற்க இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் தேவை. ஏறத்தாழ 130 சதுர அடி. அதைவிடச் சிறிய கடையை வைத்துக் குடும்பம் நடத்துவோர் அதே பகுதியில் இருக்கின்றனர். சுமை வண்டி தள்ளும் தொழிலாளி, லுஹர் தொழுகைக்கு நடந்து வரும் முதியவர், ஆம்புலன்சில் கிடக்கும் நோயாளி ஆகியோருக்கும் அந்த வீதியில் பங்கு உண்டு. அவர்களுடைய பங்கையும் சேர்த்தே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

பழைய தெருக்களை அகலப்படுத்த இயலாது. அகலப்படுத்த வேண்டுமானால் வீடுகளையும் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இடிக்க வேண்டியிருக்கும். இதே இக்கட்டு மற்ற பழைய நகரங்களுக்கும் நேர்ந்ததுண்டு. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரம் 1973ஆம் ஆண்டிலேயே ஊரின் விளிம்பில் வாகன நிறுத்துமிடம் அமைத்து, அங்கிருந்து மக்களைப் பேருந்தில் நகருக்குள் அழைத்துச் சென்றது. ‘பார்க் அண்ட் ரைட்’ எனப்படும் இம்முறை காரை ஒழிப்பதன்று. காருக்குரிய இடத்தில் காரை நிறுத்துவது.

இவ்வசதி நமக்கும் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. 2019 பிப்ரவரி 10 அன்று மெட்ரோ ரயில் மண்ணடிக்கு வந்தது. தெற்கிலிருந்து வருவோர் ஆலந்தூர் நிலையத்தில் காரை நிறுத்தினால், இடையில் மாறாமல் மண்ணடியில் இறங்கலாம். மேற்கிலிருந்து வருவோர் கோயம்பேட்டில் நிறுத்திவிட்டு, சென்ட்ரலில் தடம் மாறினால் உயர் நீதிமன்றத்திற்கு அடுத்த நிலையம் மண்ணடி. அண்ணா சாலையின் நெரிசலும் சிக்னலும் அந்தத் தண்டவாளத்தில் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பிறர் மீது எரிச்சலுறும் நேரத்தில், ரயிலில் அமர்ந்து ஒரு பக்கம் குர்ஆன் ஓதலாம், திக்ரு செய்யலாம்.

‘நிறுத்தக் கட்டணம் ஒன்று, ரயில் கட்டணம் ஒன்று, இரட்டைச் செலவல்லவா?’ என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. ஆனால் நெரிசலில் எரியும் பெட்ரோலையும், இடம் தேடிச் சுற்றும் நேரத்தையும், அவ்வப்போது கட்டும் அபராதத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். நோயாளியை அழைத்துச் செல்வோருக்கும் சரக்கு ஏற்றுவோருக்கும் கார் இன்றியமையாதது. அவர்களுக்கு வழி கிடைக்க வேண்டுமானால், தேவையில்லாதோர் விலகிக்கொள்ள வேண்டும்.

பொறுப்பு பயணிகளுக்கு மட்டுமல்ல. ரயிலில் செல்வோருக்கு நிறுத்தக் கட்டணத்தைக் குறைவாக வைப்பதும், நிறுத்துமிடங்களை விரிவாக்குவதும் நிர்வாகத்தின் கடமை. ஜமாஅத் நிர்வாகிகளும் இதில் பங்காற்றலாம். ஜும்ஆவுக்கு வருவோர் தொலைவில் நிறுத்திவிட்டு ரயிலில் வருமாறு மிம்பரிலிருந்து அறிவிக்கலாம். தொழுகைக்காக நிறுத்திய வாகனம் பக்கத்து வீட்டு வாசலை அடைத்தால், அந்த வீட்டார் உள்ளத்தில் நம்மைப் பற்றி என்ன எண்ணம் எழும்?

முதலில் வாரத்திற்கு இரண்டு நாள் முயன்று பாருங்கள். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். கல்லையும் முள்ளையும் மட்டுமே அதற்கு உதாரணமாகக் காட்டுகிறோம். நம் பெயரில் பதிவான வாகனமும் அந்த இடையூறாக இருக்கக்கூடும். அதை அகற்றும் சாவி நம் கையில்தான் இருக்கிறது.

பிறர் உரிமையைப் பேணி வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.