வேந்தர் யார்? பெங்களூரில் இரு நிர்வாக முறைகள்

புது தில்லி: 1964-ல் தொடங்கப்பட்ட பெங்களூர் பல்கலைக்கழகமும், 2010-ல் கர்நாடக சட்டப்பேரவை இயற்றிய தனிச் சட்டத்தால் உருவான அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகமும் ஒரே நகரில் இயங்குகின்றன. இரண்டும் வழங்கும் பட்டங்களுக்குச் சட்டப்படி ஒரே மதிப்புதான். நிர்வாக முறையோ முற்றிலும் வேறு.

கர்நாடக மாநிலப் பல்கலைக்கழகங்கள் சட்டம் 2000-ன்படி, ஆளுநரே வேந்தர். தேடுதல் குழு அளிக்கும் பட்டியலிலிருந்து, மாநில அரசின் இசைவுடன் துணைவேந்தரை அவர் நியமிக்கிறார். ராஜ் பவனும் விதான சௌதாவும் முரண்பட்டால் நியமனம் தாமதமாகும். ஆசிரியர் பணியிடங்களை நிரப்பவும் அரசின் ஒப்புதல் தேவை.

தனியார் பல்கலைக்கழகத்துக்கு இச்சிக்கல் இல்லை. அதை நிறுவிய அறக்கட்டளையே வேந்தரை முடிவு செய்கிறது. இதனால் முடிவுகள் விரைவாக எடுக்கப்படுகின்றன. ஆனால், அவற்றைக் குறித்துப் பேரவையில் கேள்வி எழுப்புவதற்கான வாய்ப்பு குறைவு.

இடஒதுக்கீட்டிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. தனியார் கல்வி நிறுவனங்களிலும் இடஒதுக்கீடு அளிக்க 2005-ல் நிறைவேறிய 93-வது அரசியல் சட்டத் திருத்தம் வழிவகுத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. எனினும், நாடாளுமன்றம் 2006-ல் நிறைவேற்றிய இடஒதுக்கீட்டுச் சட்டம் மத்திய கல்வி நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

எனவே, இடஒதுக்கீட்டை நம்பியுள்ள மாணவர்கள் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்களையே நாட வேண்டியுள்ளது. அங்கு நியமனங்கள் தாமதமானால் முதலில் பாதிக்கப்படுவோரும் அவர்களே.