கல்முனைக்கு மட்டும் வாக்கில்லை: ஏதென்ஸ் நமக்குச் சொல்வது என்ன?

2025 மே 6 ஆம் திகதி நாட்டில் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்கு வாக்களிப்பு நடந்தது. சாய்ந்தமருதை ஒட்டியுள்ள மாளிகைக்காட்டிலும் அதற்கப்பால் காரைதீவிலும் மக்கள் விரலில் மையோடு வீடு திரும்பினார்கள். மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் அது இன்னொரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவுதான். நாட்டின் 29 மாநகர சபைகளில் கல்முனைக்கு மட்டும் தேர்தல் இல்லை. காரணம், நீதிமன்றத்தில் உள்ள வழக்கு.

சபையின் காலம் 2023 மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. அதன்பின் நிர்வாகம் அதிகாரிகளின் கையில். குப்பை அள்ளப்படுகிறது, வரி அறவிடப்படுகிறது. ஆனால் வடிகான் அடைத்துக்கொண்டால் "உங்களுக்குத்தானே வாக்குப் போட்டோம்" என்று உரிமையோடு கேட்க ஓர் உறுப்பினர் இல்லை.

இந்த முடக்கத்தின் வேர் எல்லையில் இருக்கிறது. 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பிரதேச சபைகள் வந்தபோது, இங்கிருந்த சிறிய சபைகள் ஒன்றாக்கப்பட்டன. தனக்குத் தனிச் சபை வேண்டும் என்று சாய்ந்தமருது நீண்ட காலமாகக் கேட்கிறது. 2017 இறுதியில் அங்கே கடைகள் மூடப்பட்டன. 2018 தேர்தலில் அதே கோரிக்கையோடு இறங்கிய சுயேச்சைக் குழு அவ்வூரில் பெருவெற்றி பெற்றது. 2020 பெப்ரவரியில் நகர சபைக்கான வர்த்தமானி வெளிவந்தது. சில நாட்களிலேயே அது நிறுத்தப்பட்டது. பிரிந்தால் கல்முனையில் தமிழ், முஸ்லிம் விகிதம் என்னவாகும் என்ற கவலை இன்னொரு பக்கம். 2019 ஜூனில் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி நடந்த உண்ணாவிரதமும் இதே எல்லைக் கவலையின் மறுமுகம்தான்.

ஜனநாயகம் கிரேக்கத்தில் பிறந்தது என்று பாடசாலையில் படித்தோம். அந்தச் சொல்லில் உள்ள 'தேமோஸ்' என்பதற்கு மக்கள் என்று மட்டுமல்ல, ஊர் என்றும் பொருள் உண்டு என்பதை யாரும் சொல்லித்தரவில்லை. கி.மு. 508 அளவில் கிளைஸ்தனிஸ் என்பவர் ஏதென்ஸை மறுசீரமைத்தபோது அவர் கையிலெடுத்ததும் எல்லைப் பிரச்சினையைத்தான். 139 ஊர்கள் அரசியலின் அடிப்படை அலகுகளாயின. ஒவ்வொன்றுக்கும் சொந்தக் கூட்டமும் தலைவரும் இருந்தனர். ஊர்ப் பெயர் மனிதனின் பெயரோடு ஒட்டியது, நம் மருதூர்க்கொத்தனுக்கு ஒட்டியதுபோல.

அவர் அதோடு நிற்கவில்லை. கரையோரம், நகரம், உட்பகுதி என மூன்று வகை ஊர்களையும் கலந்து பத்துப் பிரிவுகள் அமைத்தார். பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட சபை. ஒரு பகுதியோ ஒரு குலமோ தனித்து ஆதிக்கம் செலுத்த முடியாதபடி செய்த ஏற்பாடு அது. சிறிய விடயத்துக்குத் தனி ஊர், பெரிய விடயத்துக்குக் கலந்த சபை. நமக்கோ பிரிவதா, சேர்வதா என்ற இரண்டு தெரிவுகள் மட்டுமே தரப்படுகின்றன. ஊர்களுக்குத் தனிச் சபைகளும், சந்தை, குப்பை, கடலரிப்பு போன்ற பொது விடயங்களுக்கு எல்லா ஊர்களும் சமமாக அமரும் ஒரு கூட்டு மன்றமும் ஏன் பேசுபொருளாகவில்லை?

ஏதென்ஸை அப்படியே போற்றவும் முடியாது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியோருக்கும் அங்கே இடமில்லை. 1931 இல் டொனமூர் யாப்பு இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. அந்த வகையில் நாம் ஏதென்ஸைத் தாண்டிவிட்டோம். ஆனால் நவீன அரசுகள் அங்கிருந்து எடுக்காமல் விட்டவையும் உண்டு. ஏதென்ஸில் பெரும்பாலான பதவிகளுக்குச் சீட்டுக் குலுக்கியே ஆள் எடுத்தார்கள். பதவிக்காலம் ஓராண்டு. அது முடிந்ததும் ஒவ்வொருவரும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும்.

வழக்கை விரைந்து முடிக்குமாறு கோருவது நம் உரிமை. தீர்ப்பு வரும்வரை கணக்கையாவது கேட்கலாம். மாநகர சபையின் வரவும் செலவும் மாதந்தோறும் பள்ளிவாசல், கோயில், வாசிகசாலை அறிவித்தல் பலகைகளில் ஒட்டப்படட்டும். வட்டாரத்துக்கு ஒரு கூட்டம் நடக்கட்டும். இதற்குத் தேர்தல் ஆணைக்குழுவோ புதிய சட்டமோ தேவையில்லை. நிர்வாகத்துக்கு மனமும், கேட்பதற்கு நாமும் இருந்தால் போதும்.