பிளாக் பாடினால் ரப்பரைத் தேடுங்கள்

சாரல் தொடங்கிவிட்டால் மேலகரத்தில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியாது. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகும் பைக்குகள் ராத்திரி பகல் பாராமல் வாசலைக் கடக்கும். சைலன்சரின் உள்குழாயை உருவிப் போட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கு முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. சீசன் முழுக்கத் தயவுதாட்சண்யம் பார்க்காமல் போடட்டும். அருவிச் சத்தம் கேட்கத்தானே ஊருக்கு வருகிறார்கள்.

நான் சொல்ல வந்தது வேறொரு சத்தம். சைலன்சரை ஒழுங்காக வைத்திருக்கிறவனின் பழைய வண்டியில்தான் அது தெளிவாகக் கேட்கும்.

என்னிடம் இருப்பது 1992-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100. ஓய்வு பெறும்வரை அதில்தான் பள்ளிக்கூடம் போனேன், இயற்பியல் வாத்தியார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கக் கொடுத்தேன். வண்டி கல்யாண மாப்பிள்ளை மாதிரி திரும்பி வந்தது. ஆனால் மூன்றாவது கியரில் வேகம் ஐம்பதைத் தொட்டதும் வெண்கலத் தட்டைச் சுண்டியதுபோல ஒரு ரீங்காரம். பிஸ்டன் போயிருக்கும் என்றார்கள். சிலிண்டருக்குப் போர் போட்டுப் புது பிஸ்டன் மாற்றினேன். காசு போனது, சத்தம் போகவில்லை.

கடைசியில் தென்காசியில் ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். குனிந்து சிலிண்டர் பிளாக்கைப் பார்த்தவர் கேட்டது ஒரே கேள்வி: "சார்வாள், ரப்பரை எங்க?"

எனக்குப் புரியவில்லை. இன்ஜினை முறுக்கச் சொன்னார். சத்தம் எழுந்ததும் சுத்தியல் பிடியின் மர நுனியை, பிளாக்கைக் குளிர்விக்கும் தகடுகளான ஃபின் வரிசையின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். ரீங்காரம் சட்டென்று அடங்கியது. எடுத்தார், மறுபடி பாடியது. "உள்ள ஒண்ணும் கோளாறு இல்ல. ஃபின்னுதான் பாடுது" என்றார். பெயின்ட் அடிக்கும்போது ஃபின்களுக்கு நடுவே கம்பெனி செருகியிருந்த ரப்பர்த் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள். முப்பது வருஷம் அந்த வண்டியை ஓட்டியவன் நான். அந்தத் துண்டுகளை ஒரு நாளும் கவனித்ததில்லை.

மேசை ஓரத்தில் அடிக்கோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு நுனியைச் சுண்டிவிடும் விளையாட்டை வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளிடம் கண்டித்திருக்கிறேன். ஃபின்னும் அந்த அடிக்கோல்தான்: ஒரு முனை பிளாக்கோடு ஒட்டியது, மறு முனை அந்தரத்தில். தகடு எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்து அதற்கென்று ஒரு சுருதி உண்டு. நீளம் இரட்டித்தால் அதிர்வு எண் நாலில் ஒன்றாகக் குறையும். ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. நிமிடத்துக்கு 7,500 சுற்று என்றால் வினாடிக்கு 125 வெடிப்பு. அத்தோடு பிஸ்டன் சுவரில் இடிக்கும் இடி. இவற்றிலிருந்து கிளம்பும் மேல் அதிர்வுகளில் ஒன்று தகட்டின் சுருதியோடு பொருந்திவிட்டால் தகடு பாடத் தொடங்கும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அது கேட்பதற்குக் காரணம் இதுதான்.

உலோகத்துக்கும் இதில் பங்கு உண்டு. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டின் பிளாக் வார்ப்பிரும்பு. அதற்குள் சிதறிக் கிடக்கும் கிராஃபைட் செதில்கள் அதிர்வைத் தின்றுவிடும். அலுமினியத்துக்கு அந்தக் குணம் கிடையாது. கோவில் சேகண்டியை அடித்துவிட்டு விரலால் தொட்டால் எப்படி அடங்குகிறதோ, அந்த விரல் வேலையைத்தான் ரப்பர் செய்கிறது. அதிர்வை வாங்கிக் கொஞ்சம் சூடாக மாற்றிவிடும். தகட்டின் வெளி ஓரத்தில்தான் ஆட்டம் அதிகம்; ஆகவே துண்டு அங்கே இருக்க வேண்டும்.

அண்ணாச்சி எட்டுத் துண்டுகள் வெட்டினார். சைக்கிள் டியூபை அவர் தொடவில்லை. சூட்டில் இளகி நாறும் என்றார். செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் புனலூர்ப் பக்கம் எங்கும் ரப்பர்க் காடு. இலங்கையிலிருந்து திரும்பிய நம் தமிழர்களுக்காக அரசே அங்கே தோட்டம் போட்டது. அவ்வளவு ரப்பர் பக்கத்தில் இருந்தும் இதற்கு உதவாது. மரப்பால் ரப்பர் இன்ஜின் சூட்டில் நாளடைவில் கெட்டுப்போகும். சிலிக்கான் ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். இடைவெளியைவிட மயிரிழை கனமாக வெட்டி, சோப்புத் தண்ணீர் தொட்டு, பக்கவாட்டில் மட்டும் செருகினார். காற்று முட்டும் முன்பக்கத்தில் ஒன்றுகூட வைக்கவில்லை.

இதை வலியுறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் சத்தம் பொறுக்காமல் இடைவெளி முழுவதையும் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஃபின் இருப்பதே காற்றுக்காக. அடைத்துக்கொண்டு புளியரை எஸ் வளைவில் பின்னால் ஆளை வைத்து ஏறினால் பிஸ்டன் இறுகிவிடும். மரப்பிடியை வைத்து அழுத்தியும் சத்தம் குறையவில்லை என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. அதை ரப்பரால் மூடி மறைக்கவும் கூடாது.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டது. இன்று அதைத் தேடி வாங்கி, செலவழித்துப் புதுப்பிக்கிற இளைஞர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ரப்பர் அசிங்கமாகத் தெரிகிறது என்று கழற்றிவிடுகிறார்கள். தம்பிகளே, அது அழுக்கு அல்ல, இன்ஜினின் ஒரு உறுப்பு. பெயின்ட் அடிக்கிறவர்கள் துண்டுகளை எண்ணி எடுத்து எண்ணித் திரும்ப வைக்கட்டும். ஐடிஐ மெக்கானிக் வகுப்பில் இந்த மரப்பிடிச் சோதனையை அரை மணி நேரம் செய்து காட்டலாம். 15 வருஷம் கழிந்து ஐந்தைந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வரும் வண்டிகளில் ஆய்வாளர் சைலன்சரோடு பிளாக்கையும் ஒரு தரம் குனிந்து பார்க்கலாம்.

போன வாரம் ஆரியங்காவு வரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசலில் இறங்கி, சூடு ஆறியதும் பிளாக்கில் விரலை விட்டு எண்ணினேன். எட்டும் இருந்தன.