மேல்மாடி மணலும் வுழூத் தண்ணீரும்

அன்புச் சகோதரிகளே,

சென்ற மாதம் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மேல்மாடிக்குக் கொங்கிரீட் தட்டுப் போட்டோம். மகளுக்காக ஓர் அறையும் சிறு குசினியும். ஒழுங்கைக்குள் டிப்பர் நுழையாது என்பதால் மணலைச் சந்தியிலேயே கொட்டிவிட்டுப் போனார்கள். அதற்குக் காவல் நின்ற என்னிடம், பாடத்துக்கு வந்த மாணவன் ஒருவன், "மௌலவி, இது எந்த ஆத்து மணல்?" என்று கேட்டான். அவன் களனி கங்கைக் கரையில் வளர்ந்த பிள்ளை. எனக்குப் பதில் தெரியவில்லை. பாஸிடம் விசாரித்தேன். "நல்ல மணல் மௌலவி, பயப்படாதீங்க" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதிலா?

கொழும்பில் நம் குழாய்களில் வரும் நீரில் பெரும்பகுதி களனி கங்கை நீர். அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்து அனுப்புகிறார்கள். நாம் குடிப்பதும் சோறாக்குவதும் வுழூச் செய்வதும் அதில்தான். தட்டுப் போடும் கலவையிலோ, வழமையான கணக்குப்படி சீமெந்து ஒரு பங்கென்றால் மணல் இரண்டு பங்கு, கருங்கல் சல்லி நான்கு பங்கு. அந்த மணலுக்காகக் களனி கங்கையையும் மகா ஓயாவையும் பல்லாண்டுகளாகத் தோண்டி வந்திருக்கிறோம். மணலை அள்ள அள்ள ஆற்றின் அடி தாழ்கிறது, கரை சரிகிறது, பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்குகிறது. மழை பொய்த்து ஆற்றின் ஓட்டம் குறையும் நாட்களில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது. உப்புநீர் கனமானது, தாழ்ந்துபோன அடியோடு ஊர்ந்து மேல்நோக்கி வந்துவிடும். அம்பத்தலையில் நீர் எடுக்கும் இடத்தை அது எட்டாதிருக்க, வரட்சிக் காலங்களில் ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடைகளை அடுக்கியிருக்கிறார்கள். எந்த ஆற்றில் மணலை அள்ளினோமோ, அதே ஆற்றுக்கு மணலை மூடையில் கட்டிக் கொண்டுபோய்ப் போட்டோம்!

ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் வுழூவில் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் ஸஃத் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தியை இப்னு மாஜாவில் படித்துக் கொடுக்கிறோம். குழாயை மெல்லத் திறக்கச் சொல்லிப் பிள்ளைகளைக் கண்டிக்கிறோம். அந்த ஆற்றின் அடியையே பெயர்த்து நம் வீட்டு உச்சியில் ஏற்றும்போது ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லையே.

அப்படியானால் கட்டிட வேலையே வேண்டாமா? அப்படிச் சொல்ல எனக்கு நா வராது. 2022 நெருக்கடியில் ஒரு மூடை சீமெந்து 3,000 ரூபாவைத் தாண்டியது. பாதியில் நின்ற கட்டிடங்களை வெள்ளவத்தையிலும் பார்த்தோம், இங்கும் பார்த்தோம். மேசன்மாரும் கையாட்களும் வேலையின்றித் திரிந்தார்கள். அவர்கள் வீடுகளில் அடுப்பு எரிந்ததா என்பது அக்கம்பக்கத்தில் இருந்த உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் தனி வீடுகள் போய்த் தொடர்மாடிகள் எழுந்ததும் சும்மா அல்ல. யுத்தத்தால் ஊரை விட்டு வந்தவர்களுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டியிருந்தது.

ஆனால் மலிவான மணல்தான் தொழிலை வாழவைக்கும் என்ற கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். 2019 டிசம்பரில், மணலையும் மண்ணையும் லொறியில் கொண்டு செல்வதற்கான அனுமதியை அரசாங்கம் நீக்கியது. கட்டிடத் தொழிலுக்கு அது உதவி என்றார்கள். கண்டபடி அகழத் தொடங்கிவிட்டார்கள் என்று ஆற்றங்கரை மக்கள் முறையிட்டார்கள். லாபம் யாருக்கு, உப்புத் தண்ணீர் யாருக்கு?

ஒரு விடயத்தை உங்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் எழும் மேல்மாடிகளில் எத்தனை, குடியிருக்க இடமில்லாமல் எழுந்தவை? "குமர் இருக்கு, ஆளுக்கொரு மாடி வேணும்" என்பதற்காக எழுந்தவை எத்தனை? மஹர் கொடுத்து மணமுடிக்க வேண்டியவன் வீடு கேட்கிறான். நாமும் வாப்பாவைக் கடன்காரனாக்கிக் கட்டுகிறோம். போதாததற்கு, கல்யாணத்துக்கு முன் நல்ல டைல்ஸை உடைத்துப் புதிது பதிக்கிறோம். என் மேல்மாடியும் இந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். மறைக்கவில்லை.

இனிப் பூச்சு வேலை பாக்கி. கடல் மணல் எடுக்கலாமா என்று கேட்டதும் பாஸ் முகம் சுளித்தார். "உப்பு மௌலவி, கம்பி துருப்பிடிச்சிரும்." அவர் பயத்தில் நியாயம் உண்டு. உப்புப் போகாத மணலைத் தட்டுக்கோ தூணுக்கோ போட்டால் உள்ளே கம்பி அரித்து, வருடங்கள் கழித்துக் கொங்கிரீட் பொரிந்து விழும். ஆனால் கடலுக்குள்ளிருந்து எடுத்து, முத்துராஜவெலப் பக்கம் குவித்து, உப்பைக் கழுவிப் போக்கி விற்கும் மணல் இருக்கிறது. கருங்கல் அரைத்த தூளும் கிடைக்கிறது. மலையை உடைத்துத்தான் அதுவும் வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. சுவர்ப் பூச்சில் கம்பியே இல்லை. அதற்கு ஆற்று மணல்தான் வேண்டுமென்று ஏன் பிடிவாதம்?

வீட்டில் வேலை நடக்கும்போது பாஸுக்குத் தேத்தண்ணீர் கொடுப்பவர் நீங்கள். லொறி வரும் நேரத்தில் வீட்டில் இருப்பவரும் பெரும்பாலும் நீங்கள்தான். எந்த இடத்து மணல், அனுமதிப்பத்திரத்தைக் காட்டுங்கள் என்று நீங்கள் கேட்டால் டிரைவர் தயங்குவார், ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். என் மனைவி கேட்டார். முதல் லொறிக்காரர் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இரண்டாமவர் கடதாசியைக் காட்டினார். விலை கொஞ்சம் கூட. வேலை நாலு நாள் பிந்தியது.