கொலைத் தொழில் பிறவிக் குணமா?

மனிதன் பிறவியிலேயே கொலைகாரன், ஆகையால் யுத்தம் ஒழியாது என்று உபதேசிப்போர் இன்றும் பலர் உளர். பட்டணத்து மேடைகளில் மட்டுமன்று. எமது தாசேக் கெலுகோர்த் தேநீர்க் கடைகளிலும் இவ்வுபதேசம் தாராளமாய்க் கிடைக்கின்றது. காசின்றிக் கிடைப்பதால் இதன் தரத்தை எவரும் சோதிப்பதில்லை போலும்!

யாம் ஒன்று கேட்கிறோம். கொலை பிறவிக் குணமாயின் பட்டாளத்துக்குப் பயிற்சி எதற்கு? மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்பிக்கச் சம்பளக்காரர் உண்டோ? சீனத்திற் போரிட்ட ஜப்பானியப் பட்டாளத்தில், புதிதாய்ச் சேர்ந்த பையன்களை மூத்த சிப்பாய்கள் கன்னத்தில் அறைந்தே பழக்கினர். பின்னர்க் கட்டுண்ட கைதிகளைத் துப்பாக்கி முனைக் கத்தியாற் குத்தச் செய்தனர். அச்சிப்பாய்களிற் சிலர் பின்னாளில் தாமே இதனைச் சொல்லியுள்ளனர். அதே பட்டாளந்தான் 1941 டிசம்பரில் பினாங்குக்கும் வந்தது. அமெரிக்கரோ இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின், வட்டக் குறியை விடுத்து, திடீரென எழும் மனித உருவங்களைச் சுடப் பழக்கினர். சிந்திக்குமுன் விரல் அசைய வேண்டுமாம்! இத்துணைப் பாடுபட்டுக் கற்பிப்பதைப் பிறவிக் குணம் என்பது என்ன நியாயம்?

"கள்ளுக்கடையிற் கத்தி எடுப்பவனுக்கு எந்தப் பட்டாளம் கற்பித்தது?" என்பர். நல்ல கேள்வியே. சினம் மனிதனுக்கு உண்டு, யாம் மறுக்கவில்லை. ஆயின், கிராணி வேலையில் யாம் கண்டது இது: இரவில் அடித்துக்கொண்ட இருவர் காலைப் பெரட்டில் முகம் பாராது நிற்பர், மாலையில் ஒரே பாதையிற் பேசிக்கொண்டு வீடு திரும்புவர். முகமறியாதவனைக் கோபமே இன்றி, கட்டளை கேட்டதும் கொல்வது வேறு வித்தை.

தமிழர் கதையையே பாருங்கள். 1885 முதல் 1893 வரை இந்தியச் சேனாதிபதியாயிருந்த ராபர்ட்ஸ் துரை, தென்னாட்டார் வீரஜாதியல்லர் என்று தள்ளினார். பிறப்பைக் கொண்டு தொழில் வகுக்கும் நம்மவர் வருணக் கணக்குக்கு இது வெள்ளைக்காரப் பதிப்பேயன்றி வேறென்ன? 1928-க்குள் சென்னைக் காலாட்படை கலைக்கப்பட்டது. 1941-இல் யுத்த நெருக்கடி முற்றியதும் அதே சர்க்கார் அதனை மீண்டும் எழுப்பிற்று. பதின்மூன்று ஆண்டில் இரத்தம் மாறிவிட்டதோ?

மலாயாத் துரைமாருக்கும் தோட்டத் தமிழன் சாது, அதட்டினால் அடங்குபவன். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பால்மரம் வெட்டிய கைகள் துப்பாக்கி பிடித்தன. அவ்வாண்டு அக்டோபரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் ராணி ஜான்சிப் படை முகாம் திறந்தது. அதில் சேர்ந்தோரிற் பெரும்பாலோர் இந்நாட்டுத் தமிழ்ப் பெண்கள். விடுதலை வேட்கையோ, பசியோ, சயாம் ரயில் பாதைக்குத் தப்பும் வழியோ, சேர்ந்த காரணம் பலவாகலாம். பயிற்சிதான் அவர்களைச் சிப்பாய்களாக்கிற்று.

இன்றோ கதை தலைகீழாயிற்று. 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினரிற் பெரும்பாலோர் இந்தியர் என்றனர். உடனே, "அவர்கள் இரத்தமே அப்படி" என்ற பேச்சு கிளம்பிற்று. நம்மவரிற் படித்தோரும் அதற்குத் தலையாட்டுவதே எமக்குப் பொறுக்கவில்லை. பாட்டன் சாது, பேரன் பிறவி முரடன் எனில், இடையில் எந்த இரத்தம் புகுந்தது?

இரத்தத்தைக் குறை கூறும் கனவான்கள், ஒரே ஒரு பையனையேனும் தேடிப் போகட்டும். அவன் எந்த வயதில் பள்ளியை விட்டான், தோட்டம் கைமாறியபோது அவன் குடும்பம் எங்கே போயிற்று, முதன்முதற் கையிற் பணம் வைத்து வேலை ஏவியவன் யார் என்று விசாரித்து இப்பத்திரிகைக்கு எழுதட்டும். பிறகு இரத்தத்தைப் பற்றி அவர்களோடு பேச யாம் ஆயத்தமாயிருக்கிறோம்.