தம்பிக்கு வயசு பத்தாது!

டீம் தோற்றால் மானேஜர்தான் காரணம். இது கால்பந்தின் முதல் சட்டம். மானேஜர் இளைஞராக இருந்துவிட்டால் அவருடைய வயசுதான் காரணம். இது அதே சட்டத்தின் உட்பிரிவு (அ).

கால்பந்தில் மானேஜர் என்றால் உங்கள் லீவ் லெட்டரை மேஜை டிராயரில் போட்டு மறந்துவிடுகிறவர் இல்லை. யார் ஆடுவது, யார் பெஞ்சில் உட்காருவது, எப்படி ஆடுவது எல்லாவற்றையும் தீர்மானிக்கிற கோச். அடி வாங்குகிறவரும் அவரேதான்.

2024 ஜூனில் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப், ஃபேபியன் ஹுர்ஸலர் என்கிற ஜெர்மன்காரரை மானேஜராகப் போட்டது. வயசு 31. இடைக்கால மானேஜர்களைக் கழித்துவிட்டால், பிரீமியர் லீகில் அதுவரை வந்தவர்களில் இவர்தான் இளையவர். டீமில் ஜேம்ஸ் மில்னர் என்று ஓர் ஆட்டக்காரர் இருந்தார். வயசு 38. மில்னர் பிரீமியர் லீகில் முதல் முறை களம் இறங்கியது 2002 நவம்பரில். அன்றைக்கு ஹுர்ஸலருக்கு வயசு 9! கேப்டன் லூயிஸ் டங்க், கோல் அடிக்கிற டேனி வெல்பெக் இரண்டு பேருமே மானேஜரைவிட மூத்தவர்கள்.

அப்புறம் வந்தது 2025 பிப்ரவரி 1, சனிக்கிழமை. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் பிரைட்டன் தோற்றது. தோற்றது என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடக் கூடாது. 7-0. கிறிஸ் வுட் ஒருத்தரே மூன்று கோல்.

இப்படி ஒரு ஸ்கோர் வந்தால் ரசிகர் மன்றத்து நீதிபதிகளுக்குச் சாட்சி, விசாரணை எதுவும் தேவைப்படாது. "சின்னப் பையன் சார்... பெரிய இடத்துல கொண்டுவந்து உட்கார வெச்சுட்டாங்க" என்று தீர்ப்பு ரெடி.

ஆனால் அதே பையன், அடுத்த இரண்டு வாரத்துக்குள் செல்ஸியை இரண்டு தடவை கவிழ்த்தார். எஃப்.ஏ. கோப்பையில் 2-1. பிப்ரவரி 14 அன்று லீகில் 3-0. சீசன் முடிந்தபோது பிரைட்டன் 61 பாயின்ட்டுடன் எட்டாவது இடம். முந்தைய சீசனில் அவரைவிட பதிமூன்று வயசு மூத்த ராபர்ட்டோ டி ஸெர்பி மானேஜராக இருந்தபோது 48 பாயின்ட், பதினொன்றாவது இடம்.

ஜெயித்தால் 'இளம் ரத்தம்', தோற்றால் 'அனுபவம் போதாது'. ஒரே பர்த் சர்டிபிகேட், இரண்டு தீர்ப்பு!

நான் பி.காம். எந்தப் புகாரையும் லெட்ஜரில் எழுதிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். எழுதிப் பார்ப்போம்.

பற்றுப் பக்கத்தில் கை வைத்தால் இரண்டு ஆட்டங்கள் மாட்டுகின்றன. 2024 அக்டோபரில் வுல்வ்ஸுக்கு எதிராக 2-0 முன்னிலை. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விட்டு 2-2. டிசம்பரில் லெஸ்டரிடம் 2-0 முன்னிலை. மறுபடி கடைசி நிமிடங்கள், மறுபடி 2-2. கைக்கு வந்த நாலு பாயின்ட் வாராக்கடன் ஆனது. முன்னிலையைப் பொத்திப் பாதுகாக்கத் தெரியாததுதானே அனுபவக் குறைவு? சரி, எழுதிக்கொள்கிறேன்.

ஆனால் இந்த இரண்டு ஆட்டத்துக்கும் நடுவே, 2024 நவம்பர் 26 அன்று, மான்செஸ்டர் சிட்டி ஃபெயனூர்டுடன் ஆடியது. சிட்டி 3-0 முன்னிலை. மிச்சம் இருந்தது கால் மணி நேரம். முடிவு 3-3. அன்றைக்கு மானேஜர் பெப் கார்டியோலா. அலமாரியில் ஆறு பிரீமியர் லீக், மூன்று சாம்பியன்ஸ் லீக். அவரைப் பார்த்து அனுபவம் பத்தாது என்று சொல்ல முடியுமா?

அதோடு விடவில்லை நான். 2011 அக்டோபரில் மான்செஸ்டர் யுனைடெட் சொந்த மைதானத்தில் சிட்டியிடம் 6-1 என்று உதை வாங்கியது. மானேஜர் சர் அலெக்ஸ் ஃபெர்குஸன், வயசு 69, அந்த நாற்காலியில் கிட்டத்தட்ட 25 வருஷம். சௌதாம்ப்டனின் ரால்ஃப் ஹாசன்ஹூட்டில் ஐம்பதைத் தாண்டியவர். 2019-ல் ஒரு தடவை 9-0, 2021-ல் இன்னொரு தடவை 9-0. நரைத்த தலை கோல் போஸ்ட்டுக்குக் குறுக்கே நிற்பதில்லை, சார்.

இன்னொரு கணக்குப் பிழையும் இருக்கிறது. அனுபவத்தைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணுகிறோம். வேலையில் சேர்ந்த தேதியிலிருந்து எண்ண வேண்டாமா?

ஹுர்ஸலர் 2016-ல், 23 வயசில், பவேரியாவில் பிபின்ஸ்ரீட் என்கிற சின்ன ஊர் கிளப்பில் ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஒரே சமயத்தில் சேர்ந்துவிட்டார். பிறகு ஜெர்மனியின் இளைஞர் அணிகளில் உதவியாளர். 2020-ல் ஹாம்பர்க் நகரத்து செயின்ட் பௌலி கிளப்பில் உதவி கோச். 2022 டிசம்பரில் தலைமை கோச் ஆனதும் முதல் பத்து லீக் ஆட்டமும் வெற்றி! 2024-ல் இரண்டாம் டிவிஷன் சாம்பியன். ஆக, பிரைட்டனுக்கு வந்தபோது வயசு 31, சர்வீஸ் எட்டு வருஷம். முப்பத்தைந்து வரை பந்தாடிவிட்டு, நாற்பதில் முதல் முறையாகக் கோச்சாக வருகிற பெரிய ஸ்டார் இருக்கிறாரே, அவரைவிட இவர்தான் சீனியர்.

ஜூலியன் நாகெல்ஸ்மன் கதையும் இதேதான். முழங்காலில் அடிபட்டு இருபது வயசிலேயே ஆட்டம் முடிந்தது. கல்லூரியில் வணிக நிர்வாகம் படித்தவர், பாதியில் விட்டுவிட்டு விளையாட்டு அறிவியலுக்குத் தாவினார். (காமர்ஸை விட்டவன் உருப்படுவான் என்பதற்கு உதாரணம். நான் விடவில்லை.) 2016 பிப்ரவரியில், 28 வயசில், ஹோஃபன்ஹைம் அவரிடம் வந்தபோது 18 டீம்களில் 17-வது இடம். மூழ்கவில்லை. ஒரு பாயின்ட்டில் கரையேறியது. அடுத்த சீசனில் நாலாவது இடம்!

அப்படியானால் அனுபவம் என்பதே வெத்துப் பேச்சா? அப்படியும் சொல்ல மாட்டேன். எதிர்க்கட்சிக்கு ஒரு வலுவான சாட்சி இருக்கிறார். ஆந்த்ரே வில்லாஸ்-போயாஸ்.

2010-11 சீசனில், 33 வயசில், போர்ட்டோவை ஒரு லீக் ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன் ஆக்கினார். கூடவே யூரோப்பா லீக், போர்ச்சுகல் கோப்பை. 2011-ல் செல்ஸி கொத்திக்கொண்டு போனது. அங்கே லாம்பார்டும் ட்ரோக்பாவும் அவரைவிடச் சில மாதங்களே இளையவர்கள். அதைவிட வம்பு, இவர் முன்பு அதே செல்ஸியில் மொரின்யோவின் கீழ் எதிரணிகளைப் பற்றி ரிப்போர்ட் தயாரித்துக் கொடுத்தவர். நேற்றுவரை பக்கத்து டேபிளில் டைப் அடித்த பையன், இன்றைக்கு பாஸ்! லாம்பார்டைப் பெஞ்சில் உட்கார வைத்தபோது முறைப்பு முற்றியது. 2012 மார்ச்சில் வேலை போயிற்று.

அவருக்கு பதில் வந்தது யார் தெரியுமா? அவருடைய உதவியாளர் ராபர்ட்டோ டி மாட்டியோ. ஒரு வருஷம் முன்னால்தான் வெஸ்ட் பிராம்விச் கிளப் அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. அனுபவத்தில் ஒன்றும் இமயமலை இல்லை. ஆனால் செல்ஸிக்காக ஆடியவர், பசங்களுக்கு வேண்டியவர். அதே ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு அந்த மே மாதமே சாம்பியன்ஸ் லீக்கை வாங்கிவிட்டார்.

ஆக, வில்லாஸ்-போயாஸிடம் குறைந்தது வருஷங்கள் இல்லை. அந்த அறையில் அவர் பேச்சு எடுபடவில்லை. அது வயசோடு தானாக வருகிற சரக்கும் இல்லை. பிரைட்டனில் என்ன நடந்தது? ஃபெர்குஸனிடம் தொழில் கற்ற வெல்பெக், தன்னைவிட இரண்டு வயசு சின்ன மானேஜரின் கீழ் 34 வயசில் பத்து லீக் கோல் அடித்தார். பிரீமியர் லீகில் அவர் இரட்டை இலக்கத்தைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பேச்சு எடுபட்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

எனக்குக் கோபம் எங்கே வருகிறது என்றால், 'அனுபவம் இல்லை' என்று கத்துகிறவர்களே, அனுபவம் வருவதற்குள் ஆளைத் துரத்தவும் கத்துகிறார்கள். வேலைக்குப் போய் 'மூன்று வருட அனுபவம் தேவை' என்கிற வாசகத்தில் முட்டிக்கொண்டு திரும்பிய யாருக்கும் இந்த வலி புரியும். ஃபெர்குஸனே 1974-ல் ஈஸ்ட் ஸ்டர்லிங்ஷையர் என்கிற குட்டி கிளப்பில் 32 வயசில் ஆரம்பித்தவர்தான். ஐரோப்பிய அளவில் ஒரு கோப்பையை ஏற்கெனவே ஜெயித்தவராக 1986-ல் யுனைடெட்டுக்கு வந்தும், முதல் கோப்பைக்கு 1990 வரை பொறுத்தார்கள். அனுபவசாலிக்கு மூன்றரை வருஷம், வில்லாஸ்-போயாஸுக்கு ஒன்பது மாசம்கூட இல்லை. இதில் எது முதிர்ச்சி?

அடுத்த தடவை ஏதாவது ஒரு தம்பியின் டீம் 7-0 என்று தோற்றால், ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். அதே நாளில், அதே பதினோரு பேரோடு, அறுபது வயசுக்காரர் ஒருத்தர் கோட்டோரம் நின்றிருந்தால் ஸ்கோர் என்ன ஆகியிருக்கும்?

5-0 என்று தோன்றினால், மிச்சம் இரண்டு கோலுக்கு மட்டும் தம்பியைத் திட்டுங்கள். அதுதான் நியாயமான பில்.