சிசிட்டாலியாவின் சிற்பி யார்?

1951இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் எட்டுக் கார்களைக் கலைப்பொருள்களாகக் காட்சிக்கு வைத்தது. அவற்றுள் ஒன்று, பினின்ஃபரினா வடிவமைத்த இத்தாலியக் கார் சிசிட்டாலியா 202. 1972இல் அம்மாதிரிக் கார் ஒன்று அதன் நிரந்தரச் சேகரிப்பிலும் சேர்ந்தது. காரைச் சிற்பமாகக் காணும் பார்வைக்கு இது முன்னோடி. அதில் எனக்கு மறுப்பில்லை. சிற்பி யார் என்பதே என் கேள்வி.

பானெட்டும் மட்கார்டும் தனித்தனி உறுப்புகளாய்த் துருத்தாமல், ஒரே தோலாக வழிந்தோடுவது இக்காரின் அழகு. அந்த வளைவு அச்சு இயந்திரத்தில் பிறக்கவில்லை. அலுமினியத் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிக் கையாலேயே வளைத்தார்கள். அத்தொழிலாளரை இத்தாலியர் ‘பத்திலாஸ்த்ரா’ என்பர்; நம் பட்டறை மொழியில் டிங்கர். (நம் ஊரிலும் அவர் பெயரை யாரும் எழுதிவைப்பதில்லை.) தாளில் இழுத்த கோட்டைத் தகடு ஏற்குமா என்று தீர்ப்பளித்தது அவருடைய கையும் காதும். விளக்கப் பலகையிலோ வடிவமைப்பாளரின் பெயர் மட்டுமே நிற்கிறது.

பெயர்கள் கிடைக்கவில்லை என்பது போதிய விடையாகாது. டூரின் நகரப் பட்டறைகளின் கூலிப் பதிவேடுகளைத் தேடுவதும் வடிவமைப்பு வரலாற்றாய்வே. அதுவரை, மெருகேற்றிய காருக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியலையும் பாதி வளைந்த தகட்டையுமாவது வையுங்கள்.